மொட்டையும் தூக்குக் கயிறும்

பார்ப்பான் கொலையே செய்திருந்தாலும் அவனைக் கொல்லக் கூடாது என்பது மனுவின் சட்டம். எட்டாம் அத்தியாயத்தில் இது ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற வருணத்தாருக்கு உயிரை எடுக்கிற தண்டனை எந்தக் குற்றத்துக்கு உண்டோ, அதே குற்றத்துக்குப் பார்ப்பானுக்குத் தலையை மொட்டையடித்தால் போதும். என்ன பாவம் செய்திருந்தாலும் உடம்பில் காயம் படாமல், சொத்தில் ஒரு பிடி குறையாமல், நாட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் கொலைக்கான பரிகாரக் கணக்கு வருகிறது. பூனை, கீரி, தவளை, நாய், ஆந்தை, காக்கை இவற்றைக் கொன்றவன் செய்ய வேண்டிய பரிகாரம், சூத்திரனைக் கொன்றவன் செய்ய வேண்டியதுதானாம். சூத்திரனுக்கே தவளை விலைன்னா, வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம்ம ஆளுங்க எந்தக் கணக்கில் வருவாங்க?

பத்தாம் அத்தியாயத்தில் வருகிறார்கள். அரசன் ஆணைப்படி குற்றவாளிகளைக் கொல்லும் வேலை சண்டாளனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. செத்தவனின் துணி, படுக்கை, நகை இவை அவனுக்குக் கூலி. தண்டனையை விதிக்கிற சாத்திரம் ஒருவன் கையில்; தண்டனையை நிறைவேற்றுகிற கத்தி இன்னொருவன் கையில். விதித்தவன் சுத்தம். வெட்டியவன் தீட்டு. மரண தண்டனை என்கிற ஏற்பாட்டில் யார் சாக மாட்டான், யார் சாவான், யார் சாகடிக்க வேண்டும் என்ற மூன்று இடங்களும் பிறப்பை வைத்தே ஒதுக்கப்பட்டன. மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்குப் பேச வருகிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவுக்கு வந்த சீன பௌத்த யாத்ரீகர் பாகியான், இங்கே அரசன் தலையை வெட்டுகிற தண்டனை இல்லாமலே ஆட்சி நடத்துவதாக வியந்து எழுதினார். நம்முடைய பாடப் புத்தகங்கள் அதை எடுத்துக்கொண்டு பொற்காலம் என்று கொண்டாடின. சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வாழ்வதையும், ஊருக்குள் வரும்போது கட்டையைத் தட்டி ஓசை எழுப்பித் தங்கள் வரவை அறிவிக்க வேண்டியிருந்ததையும் அவர் அதே பகுதியில் எழுதியிருக்கிறார். தலையை வெட்டாத அரசாங்கம், ஒரு சனத்தை உயிரோடு ஊருக்கு வெளியே வைத்திருந்தது. அந்தச் சனத்துக்கு அது எந்த வகைப் பொற்காலம்?

தமிழ் மண்ணில் இந்த மாதிரி எல்லாம் இல்லை, இங்கே அறம் வேறு என்று சொல்வோர் உண்டு. சரி, தமிழ் மண்ணையும் பார்த்துவிடலாம்.

சிலப்பதிகாரமே ஒரு தப்பான மரண தண்டனையின் கதைதான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லை நம்பிக் கோவலனைப் பாண்டியன் கொல்லச் சொல்கிறான். கண்ணகி நீதி கேட்கிறாள். இது வரைக்கும் மேடைகளில் பேசப்படுகிற கதை. பேசப்படாத இரண்டு விஷயங்கள் அதே காப்பியத்தில் இருக்கின்றன. மதுரையை எரிக்கிற நெருப்புக்குக் கண்ணகி யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். நெருப்புக்குக்கூடச் சாதி தெரியணும்! இரண்டாவது, அடுத்து வந்த பாண்டியன் கண்ணகியின் சினத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். தப்பு செய்தவன் ஒருத்தன், ஆணையிட்டவன் அரசன், செத்தது ஆயிரம் கைவினைஞர்கள். ஒருத்தன் செய்ததற்கு ஒரு சாதியையே பொறுப்பாக்கிக் கொல்வது வெண்மணிக்கு ரொம்ப முந்தியே இங்கே காப்பியத்தில் ஏறிவிட்டது.

காப்பியம் கற்பனை என்றால் கல்வெட்டுக்குப் போகலாம். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கோயிலில் முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை அது சொல்கிறது. பிரமாதிராசன் என்று பட்டம் பெற்ற பார்ப்பன அதிகாரிகள் அவர்களில் உண்டு. அரச வாரிசைக் கொன்றிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய குற்றம் ஓர் அரசாங்கத்துக்கு என்ன இருக்க முடியும்? அவர்களையும் உறவினர்களையும் சேர்ந்த நிலங்கள் பறிமுதலானதையும் விற்கப்பட்டதையும் கல்வெட்டு பேசுகிறது. தலை போனதாக அதில் ஒரு சொல் இல்லை.

இதற்குப் பக்கத்தில் நம்ம சாமிகளை நிறுத்திப் பாருங்கள். காத்தவராயன் பார்ப்பனப் பெண் ஆரியமாலாவை விரும்பியதற்காகக் கழுவில் ஏற்றப்பட்டான். மதுரை வீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன். திருமலை நாயக்கன் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தான். இருவரும் உண்மையில் மேல்பிறப்பு என்று பிற்பாடு கதையில் ஒட்டுப்போட்டார்கள். ஆனாலும் கழுமரத்தை மறைக்க முடியவில்லை. காத்தவராயன் கூத்தில் கழுவேறும் கட்டம்தான் உச்சம். அரசன் கொன்றவனை எங்கள் சனம் சாமி ஆக்கிக் கும்பிட்டது. கொன்ற அரசனுக்கு எந்தச் சேரியிலும் பீடம் இல்லை. தண்டனை என்ற பெயரில் நடந்ததைக் கீழே இருந்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் தேவையில்லை.

வெள்ளைக்காரன் வந்தான். 1775 ஆகஸ்ட் 5 அன்று கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமார் என்ற பார்ப்பனர் கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சப் புகார் சொன்னவர் அவர். அந்தத் தூக்கு நியாயமானதில்லை என்று அப்போதிருந்தே வாதம் உண்டு. கும்பினி அதற்குப் பிறகு பார்ப்பனியத்தோடு சமரசம் செய்துகொண்டதையும் கவனிக்க வேண்டும். 1795இல் போட்ட ஒழுங்குமுறைச் சட்டம், காசிப் பகுதியில் பார்ப்பனருக்கு மரண தண்டனை கிடையாது, நாடு கடத்தினால் போதும் என்றது. மனுவின் மொட்டை கும்பினியின் சட்டப் புத்தகத்திலும் இடம் பிடித்தது! 1817இல்தான் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. 1860இல் எழுதி 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் எல்லாக் கழுத்துக்கும் ஒரே கயிறு என்று அறிவித்தது. காகிதத்தில் அது பெரிய மாற்றம்தான். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் ஒன்றானது, போலீஸ், சாட்சி, வக்கீல், நீதிபதி, ஊர் இவையெல்லாம் ஒன்றாகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு பார்ப்பானையும் தூக்கிலிட்டார்களே, 1949 நவம்பர் 15 அன்று கோட்சே தூக்கில் தொங்கவில்லையா, 2004 ஆகஸ்டு 14 அன்று கல்கத்தாவில் தொங்கிய தனஞ்சய் சட்டர்ஜி யார் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கோட்சே கொன்றது காந்தியை. சட்டர்ஜி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, நல்ல வக்கீல் வைக்க வழியில்லாத ஏழை. பிறப்பு காப்பாற்றாத இடங்கள் இந்த நூற்றாண்டில் உருவாகிவிட்டன. ஏழ்மை காப்பாற்றிய இடம் எது என்று காட்டச் சொல்லுங்கள்.

அந்த 1949ஆம் ஆண்டில்தான், ஜூன் 3 அன்று, அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இது பற்றிப் பேசினார். மரண தண்டனை வழக்குகளில் உச்சநீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை பற்றிய விவாதம் அது. மேல்முறையீட்டு உரிமையைப் பற்றிப் பேசுவதை விட மரண தண்டனையையே ஒழித்துவிடலாம், தான் அதைத்தான் ஆதரிப்பேன் என்றார். இந்த நாட்டு மக்கள் நடைமுறையில் பின்பற்றாவிட்டாலும் அகிம்சையை ஓர் அறக் கட்டளையாக ஏற்றிருக்கிறார்கள். அப்படியானால் செய்ய வேண்டியது தண்டனையை ஒழிப்பதுதான் என்பது அவர் வாதம். மனுவை 1927இல் மகாடில் எரித்தவர் சொன்னது இது. எங்களைக் கொன்றவனைத் தூக்கில் போட ஒரு சட்டம் கொடு என்று கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் அந்தச் சபையில் யாரும் இல்லை. அவர் கேட்கவில்லை.

சபை ஒழிக்கவில்லை. பிறகு சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கொலைக்குத் தூக்கு கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டிய நிலை 1955 வரை இருந்தது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கி, தூக்கு கொடுத்தால் தனிச் சிறப்பான காரணம் எழுத வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மரண தண்டனை செல்லும் என்று சொல்லி, 'அரிதிலும் அரிதான' வழக்குகளில் மட்டும் கொடுக்கலாம் என வரம்பு கட்டியது. மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி பகவதி, இந்தத் தண்டனைக்கு வர்க்கச் சாயல் இருக்கிறது, ஏழையும் நாதியற்றவனும்தான் பெரும்பாலும் இதற்குப் பலியாகிறார்கள் என்று எழுதி வைத்தார். 2024 ஜூலை 1 அன்று பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. பெயர் மாறியது; தூக்கு அப்படியே இருக்கிறது.

எது அரிது, எது அரிதில்லை? யார் செத்தால் அரிது? பீகாரை எடுத்துக்கொள்வோம்.

1992 பிப்ரவரியில் கயா மாவட்டம் பாரா கிராமத்தில் பூமிகார் சாதியைச் சேர்ந்த 35 பேரை மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையத்தினர் கொன்றார்கள். கொடூரமான கொலை. அதில் நமக்கு இரண்டு கருத்து இருக்கக் கூடாது. வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. தடாவில் உயர்நீதிமன்ற மேல்முறையீடு கிடையாது, நேரே உச்சநீதிமன்றம்தான். 2001இல் தடா நீதிமன்றம் நாலு பேருக்குத் தூக்கு விதித்தது. அந்த நாலில் மூன்று பேர் தலித்துகள். 2002இல் கிருஷ்ண மோச்சி வழக்கு என்ற பெயரில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார்; நால்வரில் ஒருவரை விடுதலை செய்ய வேண்டும், மற்ற மூவருக்குத் தூக்கு கூடாது என்றார். கருணை மனு பத்தாண்டுகளுக்கும் மேல் கிடந்தது. 2017 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையை மீறித் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்.

அதே பீகார். 1996 ஜூலை 11 அன்று போஜ்பூர் மாவட்டம் பதானி தோலாவில் ரண்வீர் சேனை 21 பேரைக் கொன்றது. செத்தவர்கள் தலித்துகள், முஸ்லிம்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 2010இல் கீழ் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கும் 20 பேருக்கு ஆயுளும் கொடுத்தது. 2012இல் பாட்னா உயர்நீதிமன்றம் 23 பேரையும் விடுவித்தது. 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேர் கொல்லப்பட்டார்கள். 2010இல் 16 பேருக்குத் தூக்கு, 10 பேருக்கு ஆயுள். 2013இல் 26 பேரும் விடுதலை. மேல்முறையீடு உச்சநீதிமன்றத்துக்குப் போனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாராவில் சாட்சி போதும். பதானி தோலாவில் சாட்சி போதாது. உயிர் தப்பிய சனம் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அது நம்பத்தக்கதில்லை. 16 பேருக்குத் தூக்கு என்று 2010இல் பத்திரிகையில் வந்தபோது நீதி கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. மூன்றே வருசத்தில் அதே 16 பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலித் சாட்சியின் சொல்லுக்கு எடை இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய தண்டனை எழுதினாலும் அது காகிதம்தான்.

ஆந்திராவுக்கு வருவோம். 1993 மார்ச் 8 அன்று சிலகலூரிப்பேட்டைக்குப் போன பஸ்ஸில் இரண்டு தலித் இளைஞர்கள் கொள்ளையடிக்க ஏறினார்கள். பெட்ரோல் ஊற்றித் தீ வைத்ததில் 23 பேர் செத்தார்கள். 1995இல் இருவருக்கும் தூக்கு. 1996இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 1997இல் தூக்கு நாள் குறித்தாகிவிட்டது. கண்ணபிரான், பாலகோபால் போன்ற மனித உரிமையாளர்கள் இயக்கம் நடத்தினார்கள்; கடைசி நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. 1998இல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் காலத்தில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1991 ஆகஸ்ட் 6 அன்று அதே ஆந்திராவின் சுண்டூரில் எட்டு தலித்துகளை வெட்டி வாய்க்காலிலும் வயலிலும் போட்டார்கள். அந்த வழக்கில் தீர்ப்பு வர 2007 ஆனது. 21 பேருக்கு ஆயுள். 2014இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. பஸ் வழக்கு இரண்டு வருசத்தில் தூக்கு வரை போனது. சுண்டூர் வழக்கு 16 வருசம் நடந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போனது.

2019 மார்ச் 5 அன்று உச்சநீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேர். 2003இல் நடந்த ஒரு கொள்ளை, கொலை, பாலியல் வன்முறை வழக்கில் 2006இல் ஆறு பேருக்கும் தூக்கு. உயர்நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்சநீதிமன்றம் அந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கை உறுதி செய்தது. பத்து வருசம் கழித்து அதே உச்சநீதிமன்றம், இவர்கள் குற்றவாளிகளே இல்லை, பொய்யாகச் சிக்க வைக்கப்பட்டவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர்களில் ஒருவர் குற்றம் நடந்த காலத்தில் 18 வயது ஆகாதவர். இடையில் யாராவது வேகமாகக் கோப்பைத் தள்ளியிருந்தால்? குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் போய்விட்டது. போலீஸ் ஸ்டேஷனில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. திருட்டு நடந்தால் யாரைத் தூக்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இது ஏதோ ஒரு வழக்கு இல்லை. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நாட்டின் மரண தண்டனைக் கைதிகளைச் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 24.5 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர். பிற்படுத்தப்பட்டோர், தலித், பழங்குடி, மதச் சிறுபான்மையினர் எல்லோரையும் கூட்டினால் 76 விழுக்காடு. கயிறு யாரைத் தேடிப் போகிறது என்பதற்கு இது கணக்கு.

இனி கடினமான இடத்துக்கு வர வேண்டும். மேலே சொன்னதெல்லாம் நம்ம ஆளு குற்றவாளிக் கூண்டில் நிற்கிற கதை. நம்ம பிள்ளையைக் கொன்றவன் கூண்டில் நிற்கும்போது என்ன சொல்லப் போகிறோம்?

'தூக்குல போடணும்' என்பது கயர்லாஞ்சிக்குப் பிறகு தெருவில் கேட்ட குரல். 2006 செப்டம்பர் 29 அன்று ஒரு தாயும் மகளும் இரண்டு மகன்களும் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 2008இல் ஆறு பேருக்குத் தூக்கு. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது, இதில் சாதி இல்லை என்றது நீதிமன்றம். 2010இல் உயர்நீதிமன்றம் தூக்கை 25 ஆண்டுச் சிறையாக்கியது. சாதி இல்லை என்பதை மட்டும் மாற்றவில்லை. தூக்கைக் கொடுத்துவிட்டு உண்மையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆறு பேர் மிருகங்கள், அவர்களை ஒழித்துவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும் என்று சொல்ல மரண தண்டனை மிகவும் வசதியான கருவி. ஊரின் மௌனமும் போலீசின் உடந்தையும் நிலத் தகராறும் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் அவர் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு. சேரிகளில் நிம்மதிப் பெருமூச்சு. அதைக் குறை சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாக்கியது. வெட்டியவன் சிறையில், ஏவியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே. தூக்கு போனதில் நமக்கு இழப்பு இல்லை. சதி நிரூபணமாகாமல் போனதுதான் இழப்பு.

விருத்தாசலம் வழக்கு வேறொன்றைக் காட்டுகிறது. 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். உள்ளூர் போலீஸ் வழக்கைத் திரித்தது. சி.பி.ஐ. வந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கும் 12 பேருக்கு ஆயுளும் கொடுத்தது. 2022இல் தூக்கு ஆயுளானது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. இதில் பெரிய வெற்றி எது? வழக்கைத் திரித்த போலீஸ் அதிகாரிகள் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. காத்தவராயன் காலத்திலிருந்து கழுமரத்துக்குக் காவல் நின்றவனை முதல்முறையாகக் கூண்டில் ஏற்றியது போல அது. அந்த வெற்றிக்குத் தூக்குக் கயிறு தேவைப்படவில்லை. 18 வருசம் தளராமல் நின்ற ஒரு குடும்பமும் சில வக்கீல்களும் தேவைப்பட்டார்கள்.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே ஒரு மரண தண்டனை இருப்பது பலருக்குத் தெரியாது. தலித் அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒரு நிரபராதி, பொய்ச் சாட்சியால் தண்டிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டால், அந்தப் பொய்ச் சாட்சியைச் சொன்ன சாதி இந்துவுக்கு மரண தண்டனை. மூன்றாம் பிரிவில் இருக்கிறது. நிரபராதி தலித் தூக்கில் தொங்குவது நடக்கக் கூடியது என்று நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறது. நடக்கக் கூடியது என்று தெரிந்த பிறகும் கயிற்றை வைத்திருக்கிறது. இன்னொருவனைத் தூக்கில் போட்டால் செத்த தலித் எழுந்து வருவானா?

ஆகவே நம்ம இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் 'தூக்கிலிடு' என்ற வரியை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். கொன்றவன் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிய வழக்கில் 17 பேருக்கு ஆயுள் கிடைத்தது. 2019 நவம்பரில் 13 பேரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுவித்தது. ஆயுள் தண்டனை ஆயுள் தண்டனையாக இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. புகாரை அன்றைக்கே பதிவு செய், வன்கொடுமைச் சட்டத்தில் பதிவு செய், சாட்சிக்குப் பாதுகாப்பு கொடு, எங்கள் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞரை அரசு வழக்கறிஞராக நியமி, வழக்கைக் கெடுத்த அதிகாரியைக் கூண்டில் ஏற்று, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நிலமும் வேலையும் கொடு. இவற்றில் ஒன்றைக் கொடுப்பதற்குக்கூட அரசு தயங்குகிறது. தூக்கு கொடுக்க மட்டும் தயங்குவதில்லை, ஏனென்றால் அதற்குச் செலவு இல்லை. மேல் நீதிமன்றத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும்.

கயிறு இருக்கிற வரைக்கும் அது கழுத்தைத் தேடும். எந்தக் கழுத்து அதற்கு வாகானது என்பது இரண்டாயிரம் வருசத்துப் பழக்கம். அடுத்த முறை ஒரு சேரியில் பிணம் விழுந்து நாம் தெருவில் உட்காரும்போது, பிணத்தை வாங்குவதற்கு முன் என்ன கேட்கப் போகிறோம் என்பதை இப்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சுக்கு அம்பேத்கர் 1949இல் சொன்னதை முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம்.